இயங்குதளங்களின் வரலாறு – 14: தவறியதைச் சொல்வது யார், கேட்பது யார்?

ஒரு நிரல் ஏதோ ஒரு கோப்பைத் திறந்து தருமாறு இயங்குதளத்தைக் கேட்கும்போது, அந்தக் கோப்பே இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அதைப் படிக்கும் அனுமதி அந்த நிரலுக்கு இல்லாதிருக்கலாம். அனுமதியும் இருந்து, கோப்பு பதிந்துள்ள வட்டு பழுதாகியிருக்கலாம். இவற்றில் எது நேர்ந்தாலும் அச்செய்தி நிரலை எந்த வழியில் சென்றடைய வேண்டும், சென்றடைந்த பின் மேற்கொண்டு ஆவன செய்யும் கடமை யாருடையது என்ற இரு கேள்விகளுக்கும் 1970களின் முற்பகுதியில் யூனிக்ஸை எழுதியவர்கள் கண்ட விடையே, சிறு மாற்றங்களோடு, இன்றைய கைப்பேசிகளையும் வங்கிகளின் சர்வர்களையும் ஆண்டுகொண்டிருக்கிறது. மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிய நிகழ்ச்சி சென்ற பகுதியில் கூறப்பட்டது. விலகி வந்து யூனிக்ஸை எழுதியவர்கள் மல்டிக்ஸிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்பதைப் பிழைகளைக் கையாளும் முறையைப் போலத் தெளிவாகக் காட்டும் துறை வேறொன்று இல்லை.

மல்டிக்ஸின் பெரும்பகுதி பிஎல்/1 என்னும் மொழியில் எழுதப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனமும் ஷேர் என்ற அதன் பயனர் அமைப்பும் 1960களின் நடுப்பகுதியில் வகுத்த அந்த மொழியில், பூஜ்யத்தால் வகுத்தல், கோப்பின் முடிவை எட்டுதல் போன்ற நிலைமைகள் நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நிரலாளர் முன்கூட்டியே ‘ஆன்’ என்ற கட்டளையால் அறிவித்து வைக்கலாம். மல்டிக்ஸ் இவ்வசதியை இயங்குதளத்தின் அடிப்படை ஏற்பாடாகவே விரித்தது. ஒரு செயல்கூறு இன்னொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்க, இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் அழைப்புகளின் வரிசைக்கு ஸ்டாக் என்று பெயர். ஒரு நிலைமை அறிவிக்கப்பட்டதும் மல்டிக்ஸ் இந்த ஸ்டாக்கின் உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தேடிச் சென்று, அந்நிலைமைக்கென யாரேனும் ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று பார்த்து, முதலில் அகப்பட்ட ஏற்பாட்டை இயக்கும். அதுவரை ஏறியிருந்த அழைப்புகள் கலைக்கப்படாமல் அப்படியே நிற்குமாதலால், கோளாறைச் சரிசெய்துவிட்டு விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர முடிந்தது. இதனோடு, இயங்குதளத்தின் சேவைகளை அழைக்கும்போது கடைசி அளபுருவாக ஒரு பிழைக் குறியீட்டைத் திருப்பித் தரும் வழக்கமும், அக்குறியீடுகளுக்கான பொது அட்டவணையும், அவற்றை மனிதர் படிக்கும் வாசகமாக அச்சிடும் பொது நடைமுறையும் மல்டிக்ஸில் இருந்தன. ஆகவே பிழைக்கு எண் கொடுக்கும் பழக்கத்தை யூனிக்ஸ் கண்டுபிடித்தது என்று எழுதுவது சரியாகாது. இரண்டு வழிகளும் செழித்திருந்த ஓர் உலகத்திலிருந்து வந்து, அவற்றுள் எளியதை மட்டும், அதையும் மேலும் சுருக்கி, வைத்துக்கொண்டதே யூனிக்ஸ் செய்த தேர்வு.

மல்டிக்ஸில் பணியாற்றிய டாம் வான் விளெக் பிற்காலத்தில் பதிவு செய்த ஓர் உரையாடல் இத்தேர்வின் மனநிலையைக் காட்டுகிறது. மல்டிக்ஸுக்காகத் தாம் எழுதும் நிரலில் ஏறத்தாழப் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கான வரிகளே என்று அவர் யூனிக்ஸை எழுதியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சியிடம் கூற, அவற்றையெல்லாம் தாங்கள் விட்டுவிட்டதாகவும், கோளாறு நேர்ந்தால் ‘பேனிக்’ என்ற நடைமுறை அழைக்கப்பட்டு இயந்திரம் நின்றுபோகும் என்றும், பிறகு கூடத்தை நோக்கி மறுபடியும் இயக்கச் சொல்லிக் குரல் கொடுத்தால் போதும் என்றும் ரிட்சி பதிலளித்தாராம். இதைப் பொறுப்பின்மை என்று மதிப்பிடுவது எளிது. அவர்கள் கையிலிருந்த இயந்திரத்தை நோக்கினால் அம்மதிப்பீடு நிலைக்காது. யூனிக்ஸ் முதன்முதலாகக் குடியேறிய பிடிபி-11 கணினியில் இருந்த நினைவகம் 24 கிலோபைட்டு. அதில் 16 இயங்குதளத்துக்கும் எஞ்சிய 8 பயனரின் நிரலுக்கும் போயின. பாதி நிரலைப் பிழை மீட்புக்கு ஒதுக்கும் வசதி அந்த அளவுக்குள் எவருக்கும் கிட்டியிராது.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த ஏற்பாடு எவ்வளவு சிக்கனமானது என்பதைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். பிடிபி-11இன் மையச் செயலியில், கடைசியாக நடந்த கணக்கின் தன்மையைக் குறித்து வைக்கும் சில ஒற்றை பிட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்று கேரி பிட், அதாவது கூட்டலில் இடம் கொள்ளாமல் மிகும் எண்ணைக் குறிப்பது. நிரல் ஒன்று கெர்னலின், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் இயங்குதள உட்பகுதியின், சேவையைக் கேட்பதற்குச் சிஸ்டம் கால் என்று பெயர். அக்கோரிக்கை முடிந்து திரும்பும்போது கேரி பிட் 0 ஆக இருந்தால் வேலை நடந்தது என்றும், 1 ஆக இருந்தால் நடக்கவில்லை என்றும் கொள்வதென யூனிக்ஸ் விதித்தது. அதைச் சோதித்துக் கிளை பிரியும் கட்டளை பிடிபி-11இல் முன்பே இருந்தது. யூனிக்ஸின் அசெம்பிளர் அதற்குப் ‘பிழையிருந்தால் கிளை பிரிக’ என்னும் பொருள்பட ‘பெஸ்’ என்ற மாற்றுப் பெயரை மட்டும் சூட்டியது. அந்தக் கட்டளையின் நீளம் இரண்டே பைட்டுகள். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் பதிப்புக் கையேடு, கோப்பைத் திறக்கும் சிஸ்டம் காலைப் பற்றிச் சொல்லும்போது, கோப்பு இல்லாவிட்டாலும் அடைவு இல்லாவிட்டாலும் படிக்க இயலாவிட்டாலும் இந்த பிட் ஏற்றப்படும் என்று கூறுகிறது. நடக்கவில்லை என்பதை ஒரு பிட் சொல்லிவிடும். ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

காரணத்துக்கு எண்கள் வந்தது அடுத்த சில ஆண்டுகளில். 1975இல் வெளிவந்து பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய ஆறாம் பதிப்பில், கெர்னலுக்குள் எந்த மூலையில் கோளாறு நேர்ந்தாலும் நடப்பு நிரலுக்குரிய பதிவேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எண்ணை எழுதி வைத்தால் போதும் என்றும், சிஸ்டம் கால் முடிந்து வெளியேறும் வாசலில் அந்த எண் பூஜ்யம் அல்லாதிருந்தால் கேரி பிட்டை ஏற்றி எண்ணை முதல் ரிஜிஸ்டரில் வைத்து அனுப்பிவிடுவது என்றும் முறை அமைந்திருந்தது. அனுமதி இல்லை என்பதற்கு 1, அப்படியொரு கோப்பு இல்லை என்பதற்கு 2 என்று அன்று இட்ட எண்கள் இன்றைய லினக்ஸிலும் மாறவில்லை. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் தம் மாணவர்களுக்காக உரை எழுதிய அந்தக் கெர்னலில் சுமார் 9,000 வரிகளே உள்ளன. அவற்றுள் இந்த வெளிவாசலை ஆளும் பகுதி ஒரு பக்கத்துக்கும் குறைவு. அதிலேயே நுட்பமான பாகுபாடு ஒன்று ஒளிந்திருக்கிறது. பிழை எண் 100க்குக் கீழே இருந்தால் அது நிரலுக்குத் திருப்பித் தரப்படும். அதற்கு மேற்பட்டால் நிரலுக்குச் சிக்னல் அனுப்பப்படும், அதாவது தக்க முன்னேற்பாடு இல்லாத நிரல் அங்கேயே கொல்லப்படும். தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியை நிரல் கெர்னலிடம் கொடுக்கும் குற்றத்துக்கு ஆறாம் பதிப்பு இட்ட எண் 106. கோப்பு இல்லாமல் போவது உலகின் இயல்பு, அதை நிரலிடம் சொல்லலாம். தவறான முகவரி கொடுப்பது நிரலாளரின் பிசகு, அதைப் பிசகிய நிரலிடமே சொல்லிப் பயனில்லை என்ற கருத்து இதற்கு அடியில் இருந்திருக்க வேண்டும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு இப்பாகுபாட்டைக் கைவிட்டு, அதே குற்றத்துக்கு 14 என்ற சாதாரண எண்ணை வழங்கியது. நல்லதொரு பாகுபாடு போதிய கவனம் பெறாமலே மறைந்தது என்பது இத்தொடரின் கருத்து. பின்னாளில் வேறு நிரல்மொழிகள் அதே பாகுபாட்டைப் புதிதாக வகுக்க நேர்ந்தது.

கெர்னல் தன் சொந்த நிலையிலேயே முரண்பாட்டைக் காணும்போது அழைக்கப்படுவதே ரிட்சி குறிப்பிட்ட பேனிக். ஆறாம் பதிப்பில் அது, நினைவகத்தில் தேங்கியிருக்கும் வட்டுத் தரவுகளை எழுதிவிட முயன்று, காரணத்தைக் கட்டுப்பாட்டு முனையத்தில் ஒரு வரியாக அச்சிட்டு, முடிவில்லாத சுழற்சியில் நின்றுவிடும். சில வரிகளுக்குள் அடங்கும் நடைமுறை அது.

சி மொழியில் எழுதுவோருக்குக் கேரி பிட் எட்டாது. அவர்களுக்காக, தோற்ற சிஸ்டம் கால் -1 என்ற மதிப்பைத் தரும் என்றும், காரண எண் ‘எர்நோ’ என்ற பொது மாறியில் இருக்கும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. வெற்றி பெற்ற அழைப்புகள் எர்நோவைத் துடைப்பதில்லை. எனவே தோல்வி உறுதியான பின்னரே அதைப் பார்க்க வேண்டும் என்று கையேடு எச்சரித்தது. செய்தி இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களில் கிடப்பதும், அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு முற்றிலும் நிரலாளர் தலையில் விழுவதும் இங்கேதான் தொடங்குகின்றன. இதன் விளைவுகளில் பலரும் அறிந்தது, ‘இது தட்டச்சுப்பொறி அல்ல’ என்ற பொருத்தமற்ற பிழைச் செய்தி. அச்சிடும் பொது நூலகம், தன் வெளியீடு முனையத்துக்குச் செல்கிறதா கோப்புக்குச் செல்கிறதா என்று அறிய முனையங்களுக்கு மட்டுமே உரிய ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கும். கோப்பாக இருந்தால் அக்கேள்வி தோற்று எர்நோவில் 25ஐ விட்டுச் செல்லும். நூலகத்துக்கு அத்தோல்வியே விடையாதலால் அது வேலையைத் தொடரும். பின்னர் வேறெதற்காகவோ எர்நோவை அச்சிடும் நிரல், முனையத்துக்கும் தனக்கும் தொடர்பே இல்லாத நிலையில், தட்டச்சுப்பொறியைப் பற்றிப் புகார் கூறும். ஒரே நிரலுக்குள் பல இழைகள் ஒருசேர ஓடும் காலம் வந்தபோது ஒரே ஒரு எர்நோ போதாமல் போனதும் இயல்பே. 1995இன் போசிக்ஸ் தரப்பாடு இழைக்கு ஒன்றாக அதைப் பிரித்தது. மாறி போலத் தோன்றும் அப்பெயருக்குப் பின்னால் இன்று ஒரு செயல்கூறு அழைப்பு மறைந்திருக்கிறது.

ஆனால் யூனிக்ஸின் தேர்வை உலகறிந்த விவாதமாக ஆக்கியது 4 என்ற எண். நிரல் ஒன்று முனையத்திலிருந்து எழுத்து வரும் என்று கெர்னலுக்குள் காத்துக் கிடக்கும்போது அதற்கு ஒரு சிக்னல் வந்தால், கெர்னல் அந்த நிரலின் சிக்னல் நடைமுறையை ஓடவிட வேண்டும். பாதியில் நிற்கும் சிஸ்டம் காலை என்ன செய்வது? எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் உருவான ஐ.டி.எஸ். இயங்குதளம், அழைப்பு தொடங்கவே இல்லை என்று தோன்றும் வண்ணம் நிரலின் நிலையை முழுவதும் பின்னுக்கு நகர்த்தி, ஓரளவு வேலை நடந்திருந்தால் எஞ்சியதற்கேற்ப அளபுருக்களையும் திருத்தி வைத்தது; சிக்னல் போன்ற இடையூறு தீர்ந்ததும் அழைப்பு தானாகவே மறுபடி தொடங்கும். யூனிக்ஸ் பாதி அழைப்பைக் கைவிட்டு, ‘இடையில் குறுக்கிடப்பட்டது’ என்று பொருள்படும் ஈ-இன்டர் என்ற பிழை எண் 4ஐத் தந்து அனுப்பியது. மீண்டும் அழைப்பதா என்பது நிரலின் பாடு. ஆறாம் பதிப்பில் இதற்காகும் செலவு மிகக் குறைவு. சிஸ்டம் காலுக்குள் நுழையும் முன் ஸ்டாக்கின் நிலையைக் குறித்துக்கொள்வதும், உறக்கத்தில் சிக்னல் வந்தால் இடையிலுள்ள எல்லா அழைப்புகளையும் தாண்டி அந்த நிலைக்குத் தாவுவதும் மட்டுமே. ரிச்சர்ட் கேப்ரியல் 1991இல் வெளியான தம் கட்டுரையில் இவ்விரு அணுகுமுறைகளையும் எதிரெதிரே நிறுத்தி, உட்புறம் எளிதாக இருப்பதற்காக வெளிப்புறத்தில் குறையை ஏற்றுக்கொண்ட முறையே பரவி வென்றது என்று வாதிட்டார். பரவியது என்பதில் ஐயமில்லை. எளிய கெர்னலைப் புதிய இயந்திரங்களுக்கு மாற்றுவது எளிது, ஐ.டி.எஸ். தன் பிடிபி-10ஐ விட்டு நகரவே இல்லை.

அக்குறையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது அக்கட்டுரைக்கு அப்பாற்பட்ட வரலாறு. 1983இல் வந்த யூனிக்ஸ் கிளையான 4.2 பி.எஸ்.டி., குறுக்கிடப்பட்ட அழைப்புகளைத் தானாகவே மறுபடி தொடங்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது; மற்றொரு கிளையான சிஸ்டம் வி குடும்பம் பழைய வழக்கத்தில் நின்றது. முடிவில் ஒவ்வொரு சிக்னலுக்கும் எது வேண்டும் என்று நிரலாளரே குறிப்பிடும் விருப்பத் தெரிவாக அது தரப்பாட்டில் இடம்பெற்றது. ஒரு வழக்கு மட்டும் தீராமல் கிடந்தது. திறந்த கோப்பை மூடும் அழைப்பே பிழை எண் 4உடன் திரும்பினால் கோப்பு மூடப்பட்டதா, இல்லையா? லினக்ஸில், கோப்பைக் குறிக்கும் எண் அதற்குள் விடுவிக்கப்பட்டுவிடும். ஆகவே மறுபடி மூட முயன்றால், இடைப்பட்ட கணத்தில் அதே எண்ணைப் பெற்ற வேறோர் இழையின் கோப்பு மூடப்பட்டுவிடக்கூடும். ஹெச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகையிலோ கோப்பு திறந்தே இருக்கும். மறுபடி மூடாவிட்டால் அந்த எண் வீணாகும். இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தும் நிரலை எழுதுவது கடினம்.

திருப்பித் தரப்படும் எண்ணைக் கேட்பதும் கேட்காததும் நிரலாளர் விருப்பம் என்ற நிலையில், கேளாமல் விடுவது பாதுகாப்பு ஓட்டையாகவும் முடிந்தது. முதன்மைப் பயனரின் அதிகாரத்தோடு தொடங்கும் ஒரு நிரல், ‘செட்யூஐடி’ என்ற சிஸ்டம் காலால் தன்னைச் சாதாரணப் பயனராகத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அதிகாரத்தைத் துறக்கும் செயல் தோற்கும் என்று பலர் நினைக்கவில்லை. ஆதலால் விடையைச் சோதிக்கவில்லை. லினக்ஸ் 2.6இலோ, அந்தப் பயனருக்கு வரையறுக்கப்பட்ட நிரல் எண்ணிக்கை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவ்வழைப்பு தோற்றுவிடும். தோற்றதை அறியாத நிரல், தான் தாழ்ந்துவிட்டதாக எண்ணி, முழு அதிகாரத்தோடு பயனரின் கட்டளைகளை நிறைவேற்றும். 2011இல் வந்த லினக்ஸ் 3.1, எண்ணிக்கைச் சோதனையையே அந்த அழைப்பிலிருந்து நீக்கி வேறிடத்துக்கு மாற்றியது. பயனர் நிரல்கள் கேட்க மாட்டா என்று உணர்ந்து, சொல்ல வேண்டிய பிழையையே கெர்னல் இல்லாமலாக்கிய அரிய நிகழ்ச்சி இது. ஓட்டை உள்ள நிரல்கள் எண்ணற்றவை, கெர்னல் ஒன்று என்பதால் இம்முடிவு சரியானதே.

கெர்னலுக்கு உள்ளேயும் இதே சிக்கல் உண்டு. லினக்ஸின் செயல்கூறுகள் தோல்வியை எதிர்மறை எண்ணாகத் தருகின்றன. முகவரி தர வேண்டியவை, முகவரி வெளியின் கடைசி 4,095 மதிப்புகளைப் பிழை எண்களுக்கென ஒதுக்கி, ஒரே மதிப்புக்குள் இரண்டையும் அடக்குகின்றன. நடுவழியில் தோற்ற செயல்கூறு, அதுவரை பெற்ற நினைவகத்தையும் பூட்டுகளையும் பெற்ற வரிசைக்கு நேர்மாறாக விடுவிக்க, பாடநூல்கள் பழித்த ‘கோட்டு’ கட்டளையை அங்கே முறையாகப் பயன்படுத்துகிறார்கள். கெர்னலின் நடைக் கையேடே அதைப் பரிந்துரைக்கிறது. சி++ மொழி தரும் எக்செப்ஷன் முறை, அதாவது தோல்வி நேர்ந்ததும் அழைப்புகளைத் தானாகக் கலைத்துக்கொண்டு கையாளும் இடத்துக்குச் செல்லும் முறை, கெர்னலுக்கு ஒவ்வாது என்று லினக்ஸைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் கடுமையாக எழுதினார். எந்த வரியிலிருந்து கட்டுப்பாடு எங்கே தாவும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது கெர்னல் எழுதுவோரின் பொதுவான நிலை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கவனிக்கப்படுவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல், லினக்ஸ் 2.6இன் எல்லாக் கோப்பு முறைமைகளையும் மூன்று முதன்மைச் சேமிப்பகச் சாதன இயக்கிகளையும் தானியங்கிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, 1,153 அழைப்புகளில், அதாவது 13 விழுக்காட்டில், பிழை எண் எவராலும் கையாளப்படாமல் கைவிடப்படுவதைக் கண்டார்கள். படிக்கும்போது நேரும் பிழையைவிட எழுதும்போது நேரும் பிழையே அதிகம் புறக்கணிக்கப்படுகிறது என்பதையும் அவ்வாய்வு உறுதி செய்தது.

எழுதும் பிழையின் கதி 2018இல் எல்லோர் கவனத்துக்கும் வந்தது. நிரல் ‘எழுது’ என்றதும் கெர்னல் தரவை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லிவிடும். வட்டில் பதிப்பது பிறகு நடக்கும். உண்மையில் பதிந்ததை உறுதி செய்ய ‘எஃப்சிங்க்’ என்ற அழைப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்து, அது வென்றால் தரவு பதிந்துவிட்டது என்று கொண்டு, மீட்புக்காக வைத்திருந்த பதிவேட்டின் பழைய பகுதியைக் கழித்துவந்தது. லினக்ஸோ, பதிக்க முடியாத நினைவகப் பக்கத்தையும் பதிந்ததாகவே குறித்துவிட்டு, பிழையை முதலில் கேட்பவரிடம் ஒருமுறை மட்டும் சொல்லித் துடைத்துவந்தது. ஆகவே இரண்டாம் எஃப்சிங்குக்குப் பதிக்க எதுவும் மிஞ்சாததால் அது வெற்றி என்று திரும்பியது. தரவு வட்டிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. முதல் பிழையை வேறொரு நிரல் கேட்டுவிட்டிருந்தால் தரவுத்தளத்துக்குச் செய்தியே எட்டியிராது. கெர்னலின் தரப்பிலும் நியாயம் இருந்தது: பிடுங்கப்பட்ட யூஎஸ்பி குச்சிக்குரிய பக்கங்களை என்றைக்கும் பதியாதவையாக வைத்திருந்தால் அவை நினைவகத்தை நிரப்பிவிடும். பிழையைக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லும் திருத்தம் 2017இன் லினக்ஸ் 4.13இலேயே தொடங்கியிருந்தாலும், பக்கங்கள் பதிந்ததாகக் குறிக்கப்படுவது மாறவில்லை. 2019 பிப்ரவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகள், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வரை நிறுத்திவிட்டு, மீட்புப் பதிவேட்டிலிருந்து தரவை மறுபடி எழுதித் தொடங்கும் முறைக்கு மாறின. அந்நிலைக்கு அவர்களிடம் உள்ள பெயரும் பேனிக் என்பதே. தோற்ற பக்கங்களைப் பதியாதவையாகவே வைத்திருக்கும் இயங்குதளங்களில் பழையபடி மறுமுயற்சி செய்ய ஓர் அமைப்புத் தெரிவு விடப்பட்டுள்ளது. இயல்பு நிலையில் அது அணைக்கப்பட்டே வருகிறது.

விடையைக் கேளாமல் விடுவதை மொழியே தடுக்க முனைந்த முயற்சிகளும், நினைவகம் கிடைக்காதபோது பேனிக் அடைவதை ஏற்க முடியாது என்று 2021இல் லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட் மொழி சந்தித்த எதிர்ப்பும் அடுத்த பகுதியில் விரிவாகக் கூறப்படும்.

(தொடரும்)